மேல் எண்

ஜூன் 3, திங்கள்
மேல் எண் 92.

பாலிகிளினிக்கில் ஸ்டெல்லா சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். "தினமும் காலையில தேதி போட்டு, இந்தச் சின்ன மிஷினை அவர் விரல்ல மாட்டி, மேல தெரியுற எண்ணை எழுதுங்கம்மா. அது ஆக்சிஜன். கீழ இருக்கிறது நாடி, அதை விட்டுருங்க. அன்னைக்கு எப்படி இருந்தாருன்னு ரெண்டு வரி போதும்" என்றார்.

ரெண்டு வரியாம். சிஸ்டர், என்னை உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இறங்குவதற்குள் அவள் மருமகள் பிரசவம் வரைக்கும் கேட்டுவிடுகிற ஆள் நான். படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதிலும் பாதி வருசம். பிழை இருந்தால் எங்கள் டீச்சரைத் திட்டுங்கள்.

என் பெயர் சீனியம்மாள். நோயாளி என் வீட்டுக்காரர் தவசிலிங்கம், ஹவில்தார், ஓய்வு. வயது ஐம்பத்தாறு. பட்டாளத்தில் இருந்தபோது நீலத் தொப்பி போட்டு ஆப்பிரிக்காவில் அமைதிப்படைக்குப் போய் வந்தவர். அந்த நாட்டின் பெயர் என் வாயில் நுழையாது. நோய், நுரையீரலில் தழும்பு. டாக்டர் படத்தைக் காட்டி, "பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது, தேங்காய் நார் மாதிரி ஆயிருச்சு" என்றார். "ஆளே அப்படித்தான் டாக்டர். இருபத்தெட்டு வருசமா நானும் ஊறப்போட்டுப் பாத்துட்டேன்" என்றேன். டாக்டர் சிரித்தார். இவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. சிஸ்டர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அவரைச் சிரிக்க வைக்காதீங்கம்மா" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை அது.

டாக்டர் சொன்னது இதுதான். எண் கூடக் கூட நல்லது. 88-க்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் வண்டி பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். படுக்கை, குழாய், முகத்தில் மூடி.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சீனி, அங்க மட்டும் என்னைக் கொண்டு போயிராத" என்றார். இவரோடு அதே நாட்டில் இருந்த நாயக் சுடலைமணி அண்ணன் போன வருசம் அப்படித்தான் போனார். மூடியோடு பதினாலு நாள். பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

"நான் நம்ம வீட்லதான் கிடப்பேன். பேசிக்கிட்டே போகணும்" என்றார்.

"பேசிக்கிட்டா? நீங்களா? லீவுல வந்தா 'சோறு', 'தண்ணி', 'ரயிலுக்கு நேரமாச்சு', இந்த மூணைத்தானே பேசுவீக" என்றேன்.

சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்தார். 88-க்கு மேலே நிறுத்தி வைப்பது இனி என் டூட்டி.

ஜூன் 4, செவ்வாய்
மேல் எண் 91. இட்லி மூன்று. வாசலிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் நடந்தார். நடுவில் ஒரு தடவை நின்றார். ஏன் நிக்கிறீக என்றால், "காய் எண்ணுறேன்" என்கிறார். மரத்தில் ஒரு காய் கிடையாது.

ஜூன் 7, வெள்ளி
மேல் எண் 90.

எதிர்வீட்டு ராசாத்தி மதினி வாசலைக் கூட்டி, சருகோடு பால் கவர், உடைந்த பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்திவிட்டாள். புகை நேராக எங்கள் வீட்டுக்குள். இவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனவர், சாத்தாமல் அப்படியே புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடினேன்.

"என்ன மதினி, எங்க வீட்டுக்காரரைக் கொசுன்னு நெனச்சுட்டியா, புகை போட்டு வெரட்டுற?"

"ஐயையோ, மறந்தே போயிட்டேன் சீனி! அண்ணன்ட்டச் சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்றேன்? அந்தா, ஜன்னல்ல நின்னு இருமி இருமி உனக்கு சல்யூட் அடிக்கிறாரே."

அணைத்துவிட்டு வந்தால் இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அதே வாடை" என்றார். அதற்குப் பிறகு, பதினேழு வருசமாகச் சொல்லாததைச் சொன்னார்.

முகாம் ஊருக்கு வெளியே பொட்டலில். குப்பை அள்ள ஆள் கிடையாது. ஆயிரம் பேர் தின்று போட்டது, தண்ணி பாட்டில், டயர், பெயிண்ட் டப்பா, மருந்துக் குப்பி எல்லாவற்றுக்கும் ஒரே குழி, நம் ஊர் கண்மாய்க் கிடங்கு மாதிரி. தினமும் சாயங்காலம் டீசல் ஊற்றிக் கொளுத்த வேண்டும். விடிய விடியப் புகையும். பதிமூன்று மாதம் இவரும் சுடலைமணி அண்ணனும்தான் குழி டூட்டி.

"வேற ஆளே இல்லையா அங்க?"

"மொதல்ல முறை வச்சுத்தான் போட்டாங்க. மத்தவனெல்லாம் ரெண்டு நாள்ல தலைவலி, வாந்தின்னு படுத்துட்டான். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் செய்யல. நாங்களாப் போயி, நாங்களே பாக்குறோம்னு சொன்னோம். எங்க நெஞ்சு இரும்புன்னு பெருமை."

அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். நீலத் தொப்பி, விறைப்பாக நிற்கிறார், பின்னால் வானம் கறுத்துக் கிடக்கும். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டி, "மழை வர்ற நேரமாப் பாத்து எடுத்திருக்காக" என்று தெருவெல்லாம் காட்டினேன். அது மழை இல்லை, புகை என்று இவர் ஒரு நாளும் திருத்தியதில்லை.

ஜூன் 11, செவ்வாய்
மேல் எண் கிடையாது. காரணம் நான்.

மாவாட்டிக்கொண்டே, என் எண் எவ்வளவு என்று பார்ப்போமே என ஈரக் கையில் மிஷினை மாட்டினேன். வழுக்கிக் கிரைண்டருக்குள் விழுந்துவிட்டது. சுவிட்சை அணைப்பதற்குள் உளுந்தோடு மூன்று சுற்று வந்தது. வெளியே எடுத்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தது, உயிர் இல்லை.

இவர் எட்டிப் பார்த்து, "மாவுக்கு ஆக்சிஜன் எவ்வளவு சீனி?" என்று கேட்டார். சிஸ்டர், இன்றைக்குச் சிரிக்க வைத்தது நான் இல்லை. அவரே.

ஜூன் 13, வியாழன்
மேல் எண் 97!!

மெடிக்கல் கடையில் புது மிஷின் வாங்கி வந்தேன். இது வேறு மாதிரி, கறுப்பு, எண் சிவப்பாக எரிகிறது. இவர் விரலில் மாட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேலே 97 என்று காட்டியது. கீழே 89.

"ஏங்க, தொண்ணூத்தியேழு! பழசுக்குக் கண்ணு மங்கல் போலருக்கு!"

இவர் மிஷினைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அதில் இங்கிலீசில் பொடிப் பொடியாக என்னவோ எழுதியிருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

"மேல உள்ளதைத்தானே எழுதச் சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப எழுது."

எழுதிவிட்டேன். பாயசமும் வைத்தேன். ஆடாதொடைக் கசாயம் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். டாக்டரிடம் சொல்லாதீர்கள் சிஸ்டர், கசாயம் கொடுக்கிறதை.

ஜூன் 16, ஞாயிறு
மேல் எண் 99. கனகுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கனகு எங்கள் ஒரே மகள், திருப்பூரில் இருக்கிறாள். "அப்பா குரல் ஏம்மா இப்படி இருக்கு?" என்றாள். "சந்தோசத்துல அடைச்சுக்கிச்சு" என்றேன். முருங்கை மரம் வரை போகவில்லை. வெயில்.

ஜூன் 20, வியாழன்
மேல் எண் 102.

நூற்றுக்கு நூற்றி இரண்டு. பள்ளிக்கூடத்தில் மொத்தமாகக் கூட்டினால்கூட எனக்கு இவ்வளவு வராது.

கீழே உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இன்று 86. நாடிதானே. நாடி இறங்கினால் உடம்பு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். சிஸ்டர் அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.

இட்லி ஒன்று. பாத்ரூமுக்குப் போக நடுவில் மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாற்காலி போட்டு வைத்துவிட்டேன். "இது வீடா, பஸ் ரூட்டா?" என்றார். "எல்லா ஸ்டாப்பிலும் நிக்கிற டவுன் பஸ்சு, நீங்க ஏறி உக்காருங்க" என்றேன். சிரிக்க வந்தது அவருக்கு. மூச்சு வரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு நான் அடுப்படியில் போய் வெங்காயம் உரித்தேன்.

ஜூன் 22, சனி
இன்று எழுதுவது ஹவில்தார் தவசிலிங்கம் (ஓய்வு). மனைவி அவர் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறார். போக மாட்டேன் என்றவரை நான்தான் அனுப்பினேன்.
நேரம் காலை 8.00. மேல் எண் 107. கீழ் எண் 84. இரண்டையும் எழுதுகிறேன்.
உணவு, கஞ்சி அரை டம்ளர். நடை, இல்லை. புகார், இல்லை.
குறிப்பு: நோட்டு எழுதுபவர் தனக்குக் கொடுத்த உத்தரவுப்படி எழுதுகிறார். தவறு அவருடையது அல்ல.

ஜூன் 23, ஞாயிறு
மேல் எண் 106.

நேற்று இவர் எழுதியதைப் படித்தேன். கையெழுத்து மட்டும் பரேடு நடக்கிறது.

"அது என்ன, 'தவறு அவருடையது அல்ல'? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"எழுத்துப் பிழையைச் சொன்னேன். 'சந்தோசம்'னு எழுதுற. 'ஷ' போடணும்."

"எனக்கு 'ச' போதும்."

நோட்டை மூடி என் மடியில் வைத்தார். நிச்சயதார்த்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மோதிரம் உள்ளே போகாமல் சோப்பு போட்டு ஏற்றிய கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஜூன் 26, புதன்
மேல் எண் 110. நகமெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. உதடும். நாளைக்கே டாக்டரிடம் போவோமா என்றேன். "ஒண்ணாந்தேதி போகத்தானே போறோம்" என்றார். சரி என்றேன். உடனே சரி என்றேன்.

ஜூன் 29, சனி
111. கஞ்சி.

ஜூலை 1, திங்கள்
காரில்தான் போனோம், பஸ் ஏற முடியவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் இவர் முகத்தைப் பார்த்ததும் நோட்டை வாங்கினார். முதல் பக்கம் சிரித்தார். அடுத்த பக்கம். அதற்கு அடுத்த பக்கத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, நூத்திப் பத்துன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சிஸ்டர். டாக்டர்தானே கூடக் கூட நல்லதுன்னு…"

"ஆக்சிஜன் நூறைத் தாண்டாதும்மா. மிஷினைக் குடுங்க."

கொடுத்தேன். இவர் விரலில் மாட்டினார். மேலே 114. கீழே 79. சிஸ்டர் கீழ் எண்ணின் மேல் விரலை வைத்தார். "இந்த மிஷின்ல இதுதாம்மா ஆக்சிஜன். மேல இருக்கிறது நாடி. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாத்திப் போடுவாங்க. நான் சொல்லியிருக்கணும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினெட்டு நாள் நான் பாயசம் வைத்துக் கொண்டாடியது, மூச்சு கிடைக்காமல் நெஞ்சு ஓடிய ஓட்டத்தை.

டாக்டர் வந்தார். "உடனே மதுரை" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்தார். "வீட்டுக்கு" என்றார், காற்று மட்டும் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றேன். கல்யாணம் ஆகி முதல் தடவை இவர் சொன்னதற்கு நேர் எதிராக, கேலி பண்ணாமல், ஒரு வார்த்தை.

ஜூலை 2, செவ்வாய்
மதுரை. மூடி மாட்டியிருக்கிறார்கள். இங்கே பெரிய திரை, எது என்ன என்று கேட்டுப் படித்துக்கொண்டேன். நீலத்தில் எரிவதுதான் ஆக்சிஜன். 93. உண்மையான 93.

என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார். சுவரைப் பார்க்கிறார். கனகு வந்துவிட்டாள்.

ஜூலை 3, புதன்
93. பார்க்கவில்லை.

ஜூலை 4, வியாழன்
கஞ்சி கொடுப்பதற்காக மூடியை எடுத்து, மூக்கில் குழாயை வைத்தார்கள். பத்து நிமிசம்தான் என்றார் நர்ஸ். கனகு டீ குடிக்கப் போயிருந்தாள். நான் கரண்டியை நீட்டினேன். இவர் வாயைத் திறந்தார், கஞ்சிக்கு இல்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"கீழ உள்ளது."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"உங்களுக்கு எப்ப?"

"மொத நாளே. அதுலதான் எழுதியிருக்கே."

"அப்ப ஏன் சொல்லல?"

மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "தொண்ணூத்தியேழுன்னு… நீ குதிச்ச. சொன்னா… இங்க கூட்டியாந்துருவ." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப நீ சொல்லு."

சிஸ்டர், இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இது உங்கள் நோட்டு, ஆகவே எழுதுகிறேன். நூற்றி இரண்டு வந்த அன்றைக்குத் தெரியும். கனகு பத்தாவது வரைக்கும் கொண்டுவந்த மார்க்கு சீட்டெல்லாம் பார்த்தவள் நான். நூற்றுக்கு மேல் மார்க்கு கிடையாது. மேலே என்னவோ தப்பாக ஏறுகிறது, கீழே என்னவோ தப்பாக இறங்குகிறது என்று தெரியும். எதிர்வீட்டில் கேட்டிருந்தால் மதினி மகள் படித்துச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

இவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நூத்திரெண்டு வந்தப்ப" என்றேன்.

"அப்புறம் ஏன் எழுதுன?"

"மேல உள்ளதைத்தானே எழுதச் சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்ப்பதற்குள் திரையில் மணி அடித்து, நர்ஸ் ஓடிவந்து மூடியை மாட்டிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு சுவரைப் பார்க்கவில்லை.

ஜூலை 6, சனி
டாக்டர் என்னையும் கனகையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை.

"நுரையீரல் இனித் திரும்பாதும்மா. இங்க இருந்தா மூடியோட இந்த எண்ணைத் தொண்ணூறுக்கு மேல வச்சிருக்கலாம். எத்தனை நாளைக்குன்னு தெரியாது. மூடியை எடுக்க முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, காத்துலேர்ந்து ஆக்சிஜன் பிரிக்கிற மிஷின் தர்றோம், மூக்குல குழாய். எண்பது, எண்பத்திரெண்டு வரும். சில நாள்தான். மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து தர்றேன். பேசுவாரு."

"இங்கயே இருக்கட்டும் சார்" என்றாள் கனகு உடனே.

"கனகு."

"சும்மா இரும்மா. வீட்ல வச்சு நீ எண்ணு பாத்த லட்சணம்தான் தெரியுமே!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளை, உண்மையைத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை.

"ஆத்தா, இங்க தொண்ணூத்திமூணு இருக்கு" என்றேன். "நல்ல எண்ணுதான். ஆனா அந்த எண்ணுக்குள்ள உங்கப்பா இல்லை. அஞ்சு நாளா நான் பக்கத்துல உக்காந்து தேடிட்டேன்."

அழுதாள். நான் எழுந்து இவரிடம் போய், "வீட்டுக்கா?" என்று மட்டும் கேட்டேன். மூடிக்குள் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடித் திறந்தார்.

டாக்டர் தாளை நீட்டினார். படித்துக் காட்டச் சொன்னேன். "நிலைமையைத் தெரிந்தே, என் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்." 'தெரிந்தே' என்ற இடத்தில் டாக்டர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை தெரிந்தேதான். பெயரை முழுசாக எழுதினேன், சீனியம்மாள். குறைந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு
வீடு. ஆக்சிஜன் 82. சரியான இடத்தில் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆக்சிஜன் பிரிக்கிற மிஷின் கட்டிலுக்கு அடியில் இருந்து உறுமுகிறது. "நாய் வளர்க்கணும்னு ரொம்ப நாளாக் கேட்டியே" என்றார். வந்ததும் சொன்ன முதல் பேச்சு இது.

ராசாத்தி மதினி வந்து வாசலில் நின்றே அழுதாள், அன்றைக்குக் கொளுத்தினதால்தான் என்று. "அது ஒரு வாளிப் புகை தங்கச்சி" என்றார் இவர். "நான் குடிச்சது ஒரு கண்மாய்."

ஜூலை 9, செவ்வாய்
80. ஸ்டெல்லா சிஸ்டர் லீவு நாளில் வீடு தேடி வந்துவிட்டார். இவர் விரலில் இருந்த மிஷினைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, "இனி எண்ணு வேண்டாம்மா" என்றார்.

"அப்ப நோட்டுல என்ன எழுத?"

"உங்க இஷ்டம். ரெண்டு வரிக்கு மேலயும் எழுதலாம்."

சிரித்தோம். சிஸ்டர் போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு மாதிரி என்னவோ சொன்னார். இவர், "உத்தரவு சரியாத்தான் இருந்துச்சு சிஸ்டர். மிஷின்தான் மாறிருச்சு" என்றார்.

ஜூலை 11, வியாழன்
இன்று இவர் பேசியது. நிறுத்தி நிறுத்தி, நாள் பூராவும்.

குழியைக் கொளுத்துவதற்கு முன்னால் தினமும் ஒரு தடவை உள்ளே இறங்கிப் பார்ப்பாராம். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், நல்ல டப்பா, பாட்டில் எல்லாம் பொறுக்கி வேலி ஓரம் வைப்பாராம். அந்த ஊர்ப் பொம்பளைகள் வந்து எடுத்துப் போவார்களாம். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. அதில் ஒருத்தி, உயரமானவள், தினமும் இவரைப் பார்த்துக் கைகொட்டி என்னவோ சொல்லிச் சிரிப்பாளாம்.

"என்ன சொன்னா?"

"தெரியாது. ஆனா கேலிதான். உன்னைக் கட்டினவனுக்கு… கேலி எந்த பாஷையில இருந்தாலும் தெரியும்."

"அவளுக்காகத்தான் புகைக்குள்ள போனீகளா?"

"பின்ன… நீ சட்டம் போட்டு மாட்டின போட்டோவுக்காகவா?"

கனகு சுவரில் சாய்ந்து சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து. என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது" என்று ஆரம்பித்தாள். "போடி, போய் அடுப்பைப் பாரு, பால் பொங்குது" என்றேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 13, சனி
மருந்தில் தூக்கம். முழித்த நேரமெல்லாம் என் கையைத்தான் தேடுகிறார். தண்ணீர் நாலு கரண்டி. "கனகைத் திட்டாத" என்றார். "நான் எப்பத் திட்டினேன்?" என்றேன். "இனிமே" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு
பேச்சு குறைந்துவிட்டது. "நீ பேசு" என்கிறார். எனக்கா சொல்ல வேண்டும். தெருவில் ஒரு வீடு விடாமல் எல்லார் கதையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்
நாலு நாளாக நோட்டைத் தொடவில்லை. வந்தவர்கள் போனவர்கள், பட்டாளத்து ஆட்கள் வந்து மாலை வைத்தது, எல்லாம் முடிந்தது. சிஸ்டர் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை, ஆறேகால் மணி. வீட்டில்தான். கனகு பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் இவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தின நாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளை ராசாத்தி மதினி வீட்டு வான்கோழி துரத்திய கதை. அவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்குள் ஒரு காலை வைத்தான், வான்கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து அவன் பேண்டைக் கவ்விவிட்டது என்கிற இடத்தில், மூச்சு வாங்க நான் கொஞ்சம் நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார்.

அவன் சிலிண்டரைத் தொப்பென்று போட்டுவிட்டான் என்றேன். அது தெருவில் உருள ஆரம்பித்தது என்றேன். கையில் இருந்த கை கனத்தது. மிஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

அவர் அப்புறம் என்று கேட்டுவிட்டார். பாதியில் எப்படி எழுந்திருப்பது? சிலிண்டர் சாக்கடை ஓரம் போய் நின்றது, அவன் மதில் மேல் ஏறிக்கொண்டு "யக்கா, யக்கா" என்று கத்தியது, வான்கோழி சிலிண்டர் மேல் ஏறி நின்று இறங்க மாட்டேன் என்றது, மதினி விளக்குமாற்றோடு வந்து அவனை விட்டுவிட்டு வான்கோழிக்கு "பயந்துட்டியா தங்கம்" என்று தடவிக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் கனகைக் கூப்பிட்டேன்.